பனிக்கடலில் நிற்பவன்

போர்கோ வெக்கியோ, பலெர்மோ
14 செப்டெம்பர் 2024

கிளறா,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. பத்திரிகைப் படத்தில் முகம் பளபளவென்றுதான் இருக்கிறது.

போனில் உன் இலக்கத்தை மறித்துவிட்டேன். கதைத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இரங்கிப்போவேன். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடந்தது. கடிதத்தில் அழுகை கேட்காது. பதில் எழுதுவதானால் பலறோச் சந்தையில் ஞானம்பிகையின் கடையில் கொடு. இதையும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன்.

என்ன குற்றம் செய்தேன் என்று கேட்பாய். எழுதியே வைக்கிறேன். அல்பெர்கேரியாவில் அந்தப் பழைய வீட்டில் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவோடு பத்தொன்பது வருடம் இருந்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் நான்தான். மேல்தட்டில் சுருண்டு கிடந்த அந்த நீளச் சீனை, கீறிய திரையை, உனக்குக் காட்டியதும் நான்தான். இரண்டு உருளை, ஒரு கைபிடி. சுற்றச் சுற்ற முப்பது மீற்றர் படங்குத் துணியில் பனிக்கடல் ஓடும், கப்பல் போகும், கப்பல் பனியில் இறுகும். நீ நிலத்தில் குந்தியிருந்து, "மச்சாள், இது என்ன சாமான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய். தெரியாமலா? பேசாலையில் திருப்பாடுகளின் காட்சிக்குச் சீன் கீறுகிறவரின் மகள் நான்.

பிறகு நீ என்ன செய்தாய்? வீட்டை எடுத்துக்கொண்ட சிஞ்ஞோராவின் தம்பி மகனிடம் போய், திறப்பு வெளியாட்கள் கையில் இருக்கக் கூடாது என்று சொன்னாய். அவன் அதை என் முகத்துக்கு நேரேயே சொல்லித் திறப்பை வாங்கினான். வேலையும் போனது, படுத்த அறையும் போனது. இப்போது ஒரு அறையில் மூன்று பேரோடு இருக்கிறேன். என் மனுசன், உன் அண்ணன் றோபேட் போன பிறகும், அவன் தங்கை என்று ஒன்பது வயதில் உன்னைக் கூட்டி வந்து வளர்த்தவள் வெளியாள்.

பத்திரிகைப் படத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். என் கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. கீழே, "கைவிடப்பட்ட மேல்தட்டில் இளம் ஆய்வாளர் கண்டெடுத்த பனிக்கடல்" என்று போட்டிருக்கிறது. கிழமைக்குக் கிழமை நான் தூசி தட்டிய மேல்தட்டு கைவிடப்பட்டதாம்.

இதற்கு நீ பதில் சொல்லத்தான் போகிறாய். மன்னிக்கிற எண்ணம் இல்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடமே சொல்லிவிட்டேன். மனம் மாறினால் திரும்பி வரச் சொன்னார். நான் திரும்பிப் போகவில்லை.

அகஸ்ரீனா


பலெர்மோ
20 செப்டெம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் கோபம்தான் வந்தது, எனக்கும்.

திறப்பைப் பற்றி நான் சொன்னது உண்மை. வேலைப் பட்டியலில் பெயர் இல்லாத யாரும் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பது விதி. வெளியாட்கள் என்றால் பட்டியலில் இல்லாதவர்கள் என்றுதான் பொருள். சிஞ்ஞோராவின் தம்பி மகன் உங்களை அறையை விட்டும் அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்பீர்கள். சரி, நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் கண்டெடுத்ததற்காக யாரும் எனக்குக் கைதட்டவில்லை. அது என்ன என்று சொன்னதற்காகத்தான் தட்டுகிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவுக்கே பனிப் பைத்தியம் பிடித்திருந்தது. துருவத்தைத் தேடிப் போன கப்பல்கள் திரும்பி வரவில்லை. கவிஞர்கள் போகாமலேயே எழுதினார்கள், ஓவியர்கள் பார்க்காமலேயே கீறினார்கள். சனங்கள் இருட்டு மண்டபத்தில் இருந்து, படங்கு ஓடுவதையும் பின்னால் விளக்கு அசைவதையும் பார்த்து நடுங்கினார்கள். நம்முடைய பலெர்மோ ஓவியன் தன் வாழ்நாளில் கண்ட பனி, மடோனியே மலையிலிருந்து வைக்கோலில் பொதிந்து கழுதையில் வந்து சர்பத்துக்குள் போனது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வடகடலைக் கீறியிருக்கிறான்.

அதைவிடப் பெரியது கடைசிக் காட்சி. சுருளோடு இருந்த வாசிப்பு ஏட்டில் கதை இருக்கிறது: கப்பல் தலைவன் தன் சுக்கான்காரனைப் பனியில் விட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறான். ஏடு அதோடு முடிகிறது. ஆனால் படங்கில், கப்பலுக்கு அப்பால், ஒரு சாண் உயரத்தில் ஒரு மனிதன் கையில் விளக்கோடு வருகிறான். அந்தக் காலத் துருவப் படங்கள் எல்லாவற்றிலும் மனிதன் தோற்றுப்போகிறவன். இதில் மட்டும் அவன் பழிவாங்கத் திரும்பி வருகிறான். வேறெங்கும் இப்படி ஒன்று இல்லை. அவன்தான் என் கட்டுரை. தலைப்பே "பெயரற்றவன்".

டிசெம்பர் ஐந்தாம் திகதி கண்காட்சி திறக்கிறது. வெளியிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். அது நல்லபடி நடந்தால் தை மாதம் எனக்கு நிரந்தர வேலை. இந்த ஊரில் படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். தயவுசெய்து குழப்ப வேண்டாம்.

மண்டபத்தைத் துப்புரவு செய்ய ஆள் தேடுகிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லட்டுமா? சம்பளம் மோசமில்லை.

கிளறா


போர்கோ வெக்கியோ
18 ஒக்டோபர் 2024

கிளறா,

துப்புரவு வேலைக்குப் பெரிய மனசு பண்ணி என்னை நினைத்தாயே, அதற்கு நன்றி. ஞானம்பிகையிடம் வாசித்துக் காட்டினேன். "உவளுக்கு வாய் கூசேல்லையோ?" என்று கேட்டாள். படித்தவர்களுக்கு வாய் கூசாது என்றேன்.

உன் கட்டுரையைத் தேடி வாங்கினேன். முப்பத்தொரு பக்கம். கடதாசி அலுவல்களுக்குப் படித்த இத்தாலியப் பாஷையை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் மரவாங்கில் இருந்து நாலு ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். நன்றி சொன்ன பட்டியலில் சிஞ்ஞோராவின் தம்பி மகன் இருக்கிறான், அவனுடைய வழக்கறிஞர் இருக்கிறார், சுருளைத் தூக்கி இறக்கிய லொறிக் கொம்பனி கூட இருக்கிறது. என் பெயரைத் தேடித் தேடிக் கண் நோவெடுத்ததுதான் மிச்சம்.

அந்த மனிதனுக்கு மட்டும் ஒன்பது பக்கம் கொடுத்திருக்கிறாய். மூன்று இடம் விளங்கவில்லை. ஒன்று, அவன் கையில் இருப்பது என்ன விளக்கு? இரண்டு, இடுப்பில் என்ன உடை? மூன்று, ஏன் விளக்கு இடது கையில்? விளக்கமாக எழுது. எழுதிக் கையெழுத்தும் வை. நான் ஒரு காரணத்தோடுதான் கேட்கிறேன், அந்தக் காரணம் உனக்கு நல்லதில்லை. சொல்லாமல் செய்தேன் என்று பிறகு நீ சொல்லக் கூடாது.

சுவரொட்டி அடிக்கப் போகிறார்கள் என்று கேள்வி. அவனையே போடு. பெரிதாகப் போடு.

அகஸ்ரீனா


பலெர்மோ
9 நவம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

என்னை வெருட்ட நினைக்கிறீர்கள். ஆனாலும் நாலு ஞாயிறு இருந்து வாசித்தீர்கள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கட்டுரையை முழுக்க வாசித்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். விளக்கு: மேலே தொப்பி போன்ற மூடி, நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் சிறிய வெண்ணிறப் பை. இப்படி ஒரு விளக்கு அந்தக் காலச் சிசிலியில் இருந்ததாகக் குறிப்பு இல்லை. துறைமுகத்துக்கு வந்த ஏதோ வடநாட்டுக் கப்பலில் ஓவியன் பார்த்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். உடை: துருவத்து மக்களின் தோலாடை. பனியில் நடக்க வசதியாக முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கிறான். இடது கை: அந்தக் காலத்தில் இடப்பக்கம் தீமையின் பக்கம். அவன் பழியோடு வருகிறான் என்பதற்கு அதுவே பெரிய சான்று.

வர்ணத்தைச் சுரண்டிப் பரிசோதிக்க நிதி இல்லை. பழைய படங்களை மீள்செப்பம் செய்கிறவர் உருப்பெருக்கியால் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரியான பசை வர்ணம், ஒரே முறை, சந்தேகம் இல்லை என்றார்.

சுவரொட்டியில் அவன்தான். நீங்கள் சொல்ல முன்பே முடிவாகிவிட்டது. வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போனால் ஆள் உயரத்தில் பார்ப்பீர்கள். பதினான்கு மாதமாக அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் அவன் எனக்கு ஏதோ சொல்ல வருவது போலவும் இருக்கும்.

உங்களுக்கு இரண்டாவது வரிசையில் கதிரை வைத்திருக்கிறேன். வாருங்கள், மச்சாள்.

கிளறா


போர்கோ வெக்கியோ
2 டிசெம்பர் 2024

கிளறா,

வியாழக்கிழமை மேடை ஏறப் போகிறாய். மூன்று நாள் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். முந்தி எழுதியிருந்தால் தப்பியிருப்பாய்.

அவன் கையில் இருப்பது பெற்றோமாக்ஸ். பேசாலையில் மீனுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற பெற்றோமாக்ஸ். உள்ளே இருக்கும் வெண்ணிறப் பைக்கு மெண்டில் என்று பெயர். நீ ஒன்பது வயதிலிருந்து மின்சாரத்தில் வளர்ந்தவள், உனக்கு எப்படித் தெரியும்? இடுப்பில் இருப்பது சாரம். வள்ளம் தள்ளுகிறவன் சாரத்தை மடித்துத்தான் கட்டுவான். அதற்கு நீ இரண்டரைப் பக்கமும் அடியில் ஏழு குறிப்பும் எழுதியிருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எழும்பிவிட்டாள்.

அவனைக் கீறினது நான்.

2011, ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை. அந்த மாரியில் கூரை ஒழுகி, கடைசிக் காட்சியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சுவரைத் துடைக்கிற பழக்கத்தில் ஈரத்துணியில் எலுமிச்சம்பழம் பிழிந்து துடைத்துவிட்டேன். அந்தச் சீன் வச்சிரப் பசையில் வர்ணத் தூள் கலந்து கீறினது. மணத்திலேயே எனக்கு அது தெரியும், என் அப்பாவும் அப்படித்தான் கீறுவார். ஈரம் பட்டால் நிற்காது என்றும் தெரியும். தெரிந்தும் கை போய்விட்டது. ஒரு சாண் பனி துணியோடு வந்துவிட்டது, வெறும் படங்கு பல்லைக் காட்டியது.

நாங்கள் திருநாளுக்கு முன்பு கோயிலில் சுரூபத்துக்கெல்லாம் புது வர்ணம் பூசி நிறுத்துகிற ஆட்கள். மொட்டையாக விடத் தெரியாது. பெரிய வியாழன் அன்று தூள் வாங்கி, பசை காய்ச்சி, மேல்தட்டில் இருந்தேன். பனியைத்தான் திரும்பக் கீற நினைத்தேன். சுக்கான்காரனை விட்டுவிட்டுப் போன கதையைச் சிஞ்ஞோரா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எனக்கு வாசித்தவர். அது மனதில் கிடந்தது. கை பனியைக் கீறவில்லை, றோபேட்டைக் கீறியது.

உனக்குச் சொல்லாத கதையை இப்போது சொல்கிறேன். 1999 கார்த்திகையில் உன் அண்ணன் மொஸ்கோ வழியாக ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டான். எல்லைக் காட்டில் ஐந்து பேரை ஏஜென்ற் பனியில் நடக்கவிட்டான். றோபேட்டுக்குக் கால் விறைத்துவிட்டது. "நீ இதிலை இரு, பிறகு வந்து ஏத்துவம்" என்று சொல்லிவிட்டு மற்ற நாலு பேரும் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருவன் ஜெர்மனியில் இருந்து எனக்கு போன் எடுத்து அழுதான். நான் வைத்துவிட்டேன்.

அதனால்தான் அவனைக் கப்பலை நோக்கி நடக்க விட்டேன். கையில் நல்ல வெளிச்சமும் கொடுத்தேன். அவன் பழிவாங்க வரவில்லை, கிளறா. அவன் என்னிடம் வருகிறான். விளக்கு இடது கையில் ஏன் என்றால் உன் அண்ணன் இடதுகைக்காரன்.

பதினான்கு மாதம் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாய். உன் சொந்த இரத்தத்தைப் பார்த்துப் பெயரற்றவன் என்று பெயர் வைத்தாய். என்னை வெளியாள் என்றதற்கு மேல் இது. இப்போது போ. மேடையில் ஏறி, எல்லாருக்கும் முன்னால் அவனுக்குப் பெயர் இல்லை என்று சொல்லு. சொன்னால் பொய்க்காரி, சொல்லாவிட்டால் வேலை இல்லை. எது நடந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

இரண்டாவது வரிசைக் கதிரையை வேறு யாருக்காவது கொடு.

அகஸ்ரீனா


பலெர்மோ
9 டிசெம்பர் 2024

மச்சாள்,

அன்புள்ள என்று எழுத வரவில்லை.

உங்கள் கடிதத்தை ஞானம்பிகையக்கா மூன்றாம் திகதி தந்தார். இரண்டு இரவு நித்திரை இல்லை. வியாழக்கிழமை மேடையில் ஏறி, எழுதி வைத்ததையே வாசித்தேன். ஆமாம், பொய் சொல்லத்தான் போனேன். எட்டு நிமிடம் நன்றாகவே வாசித்தேன். பிறகு கைபிடியைச் சுற்றினார்கள், பனி ஓடி வந்தது, அவன் வந்தான். "பெயரற்றவன்" என்ற சொல் வாயில் நின்றுவிட்டது. கடதாசியை மடித்து வைத்தேன். இவருக்கு றோபேட் என்று பெயர், என் அண்ணன், கையில் இருப்பது பெற்றோமாக்ஸ், 2011 இல் இந்த வீட்டில் வேலை செய்த என் மச்சாள் அகஸ்ரீனா கீறினார் என்று சொன்னேன்.

முதலில் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். பிறகு பின்வரிசையில் இருந்த நம் சனங்களில் ஒரு வயதானவர் எழும்பி, "ஓம், உது பெற்றோமாக்ஸ்தான்" என்று தமிழில் சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிஞ்ஞோராவின் தம்பி மகன் எழும்பிப் போனார். வெள்ளிக்கிழமை காலை எனக்கு மின்னஞ்சல் வந்தது. தை மாதத்து வேலை இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, சந்தோஷப்படுங்கள்.

இனி என் முறை.

நான் அவரை அடையாளம் காணவில்லை என்று எழுதினீர்கள். எப்படிக் காண்பேன்? அண்ணன் போகும்போது எனக்கு ஆறு வயது. அவருடைய ஒரே படத்தை உங்கள் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஒருநாளாவது எனக்குக் காட்டினீர்களா? அண்ணன் எப்படிச் செத்தார் என்று கேட்டபோதெல்லாம், "காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். போய்ப் படி" என்றீர்கள். இருபத்திரண்டு வருடம் ஒளித்து வைத்துவிட்டு, எனக்கு அடிக்க ஒரு தடி தேவைப்பட்டதும் வெளியே எடுத்தீர்கள். என் அண்ணன் பனியில் இருந்த கதையை எனக்கு நீங்கள் அழவேண்டிய செய்தியாகத் தரவில்லை, அடியாகத் தந்தீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஒரு விதி இருக்கிறது. பழைய படத்தில் பின்னாளில் சேர்த்தது நீக்கப்படும். உண்மை சொன்ன பிறகு அது தானாக வந்துவிட்டது. டிசெம்பர் பதினாறு, திங்கட்கிழமை, காலை பத்து மணி. மீள்செப்பக்காரர் அவரைத் துடைத்து எடுக்கப் போகிறார். நான் இதைத் தடுக்கக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆய்வாளர் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். உங்களுக்கு நோகட்டும் என்றுதான் வைத்தேன்.

உங்கள் பழிதான் அவரை அழிக்கிறது, மச்சாள். என் கையெழுத்தும் கூட. வந்து பார்க்க விருப்பமானால் வாருங்கள். இந்த முறை பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. நான்தான் எழுதினேன்.

கிளறா


போர்கோ வெக்கியோ
12 டிசெம்பர் 2024

கிளறா,

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். காய்ச்சல் என்று சொன்னது பிழைதான். சின்னப் பிள்ளைக்கு அந்தக் காட்டைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வளர்ந்த பிறகும் வரவில்லை. கோபம் வந்தபோதுதான் வந்தது, அது என் குறை.

செபப் புத்தகத்துப் படம் இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது. அது இனி உன்னிடமே இருக்கட்டும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே வருவேன். அவர்களிடம் கதைத்து எனக்கு ஒரு மணித்தியாலம் வாங்கி வை. அந்த நேரத்தில் படத்தைப் பக்கத்தில் பிடித்து உன் அண்ணனின் முகத்தை வடிவாகப் பார். மூக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. தாடையில் கொஞ்சம் பிழை விட்டிருக்கிறேன்.

பிறகு நீ விளக்கைப் பிடி. மீள்செப்பக்காரன் கை வைக்க வேண்டாம் என்று சொல்லு. விதி கிதி என்று சொன்னால், பத்தொன்பது வருடம் அந்த வீட்டைத் துடைத்தவள் இவள் என்று சொல்லு. ஒருதரம் அவனை முன்பின் தெரியாதவர்கள் பனியில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்தமுறை அவன் போகும்போது வீட்டு ஆட்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஈரத்துணி நான் கொண்டு வருகிறேன்.

அகஸ்ரீனா